எரிகுழம்பு உறைந்த தரையில்



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்தவன் நான். கடைசிச் சில ஆண்டுகள் தலைமையாசிரியன் என்ற நாற்காலியிலும் அமர்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வானொலியில் பேச வந்தால், அறிவுரை கூறத்தான் வந்திருக்கிறார் என்று கேட்பவர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சம் வேண்டா. என் வகுப்பறையில் நான் தவறாக விடையளித்த ஒரு கேள்வியைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், ஒன்பதாம் வகுப்பில் தக்காணப் பீடபூமியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மேற்கிந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மூடிக் கிடக்கிறது என்றும், மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்தில் அதன் கனம் 2 கிலோமீட்டருக்கும் அதிகம் என்றும் கூறி, கரும்பலகையில் படமும் வரைந்தேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அவ்வளவு குழம்பையும் கக்கிய மலை இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். "அது எப்போதோ அணைந்து அழிந்துபோயிற்று. நீ உட்கார்," என்றேன். அவன் உட்கார்ந்தான். மணியும் அடித்தது. அவன் முகத்தில் தெரிந்த மனக்குறையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று எனக்குத் தெரிந்த எரிமலை, பாடப்புத்தகப் படத்தில் உள்ள எரிமலைதான். கூம்பு வடிவான மலை, உச்சியில் ஒரு வாய், அதிலிருந்து புகை. நம் நாட்டில் உயிருள்ள எரிமலை என்று காட்டுவதற்கு அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு ஒன்றுதான் உண்டு. நெடுங்காலம் உறங்கிக் கிடந்து 1991-இல் மீண்டும் விழித்த அத்தீவுக்கு நம்மைப் போன்றோர் போய் நடந்து பார்க்க இயலாது. ஆகவே, எரிமலைத் தரையில் கால் வைக்காமலேயே எரிமலைப் பாடத்தை முப்பது தடவைக்கு மேல் நடத்திவிட்டேன். சமையலறைப் பக்கமே போகாதவன் சமையல் புத்தகம் எழுதியதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

ஓய்வு பெற்ற பின் ஒரு வாய்ப்பு வந்தது. என் தமக்கையின் மகன் மொரீஷியஸ் தீவில் கணக்கர் வேலையில் இருக்கிறான். "மாமா, ஒரு மாதம் வந்து தங்கிப் போங்கள்," என்று அழைத்தான். சென்றேன். அத்தீவும் எரிமலையால் பிறந்ததே. ஆனால் அது முதிர்ந்து அடங்கிவிட்ட தீவு. அங்கே கரும்புத் தோட்டங்களின் நடுவே கருங்கற்கள் கோபுரம்போல் குவிந்து கிடப்பதைக் கண்டேன். நிலத்தில் பரவிக் கிடந்த எரிமலைக் கற்களைப் பொறுக்கிக் குவித்த பிறகே அங்கே கரும்பு நட முடிந்தது. அந்தக் கற்களைச் சுமந்த கைகளுள் நம் நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் கைகளும் இருந்தன என்று அறிந்தபோது, அக்குவியல்களை வெறும் கற்குவியல்களாகப் பார்க்க மனம் வரவில்லை.

"உயிருள்ள எரிமலையைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்துத் தீவுக்குப் போக வேண்டும், மாமா," என்றான் பையன். முக்கால் மணி நேர விமானப் பயணத்தில் ரீயூனியன் தீவை அடைந்தோம். இது 1946 முதல் பிரெஞ்சு நாட்டின் ஒரு மாவட்டம். 1848 டிசம்பரில் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால், சென்னைப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழரைக் கப்பலேற்றினர். 1882-இல் ஆங்கிலேய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அவர்களுடைய வழித்தோன்றல்களை அங்கே 'மல்பார்' என்று அழைக்கின்றனர். பெரும்பாலோர் தமிழ் பேசுவதில்லை. ஆயினும் காவடியும் தீமிதியும் விடவில்லை.

அத்தீவின் எரிமலைக்குப் பிட்டோன் தெ லா ஃபுர்னேஸ் என்று பெயர். 'உலைக்களச் சிகரம்' என்று தமிழில் சொல்லலாம். கடல் மட்டத்திலிருந்து 2,632 மீட்டர் உயரம். சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை வாய் திறக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் 1992 முதல் 1998 வரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்ததும் உண்டு. அது பேசத் தொடங்கினால் உடனே நடைபாதையின் கதவைப் பூட்டிவிடுவார்கள். மலையின் நாடியைப் பிடித்துப் பார்க்க 1979 முதல் ஓர் ஆய்வு நிலையமும் இருக்கிறது.

நாங்கள் சென்றது ஆகஸ்ட் மாதம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அது குளிர்காலம். விடியுமுன் காரில் ஏறினோம். மேலே ஏற ஏறப் பசுமை குறைந்தது. திடீரென்று ஒரு வளைவைத் தாண்டியதும் புல்பூண்டு அதிகமில்லாத செம்பழுப்பு வெளி ஒன்று கண்முன் விரிந்தது. அதற்கு 'மணற்சமவெளி' என்று பெயர். உண்மையில் அது மணலன்று, எரிமலை உமிழ்ந்த சாம்பலும் சிறுகற்களும். செட்டிநாட்டுச் செம்மண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நிறம் உறவாகத்தான் பட்டது. குளிர்தான் உறவாகப் படவில்லை. நான் அணிந்திருந்த கம்பளிச் சட்டை போதாமல், பையனுடைய சால்வையையும் வாங்கிப் போர்த்திக்கொண்டேன்.

பா தெ பெல்கோம்ப் என்ற விளிம்பில் எங்கள் வழிகாட்டி காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். முகம் நம் இராமநாதபுரத்து முகம், மொழி பிரெஞ்சு. அவர் முதலில் பார்த்தது என் கால்களை. நான் தோற்செருப்புப் போட்டிருந்தேன். "இதோடு இறங்க முடியாது," என்று சொல்லி, தம் வண்டியிலிருந்து கனத்த பூட்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, கையுறை எல்லாம் உண்டா என்று சோதித்தார். பிறகு, அறுபதைக் கடந்த என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உச்சிவரை போய்த் திரும்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்றும், நாம் அடித்தளத்தில் மட்டும் நடப்போம் என்றும் கூறினார். எனக்குச் சற்று மனவருத்தமே. ஆனால் மாணவனுடைய திறமையை ஆசிரியர் முதல் நாளே அளந்துவிடுகிறார் அல்லவா? அவர் அளந்தது சரிதான்.

அவ்விளிம்பிலிருந்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள் செங்குத்தாக இறங்குகின்றன. கீழே பரந்து கிடப்பது ஏறத்தாழ 8 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பெரும் பள்ளம். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலையின் ஒரு பகுதி உள்ளே அமிழ்ந்து உண்டானது அது. அதன் நடுவில் உலைச் சிகரம் நிற்கிறது. கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்தேன். நொறுநொறுவென்று ஓர் ஓசை. கண்ணாடித் துண்டுகளின் மேல் நடப்பதுபோல் இருந்தது. எங்கு நோக்கினும் கருமை. ஆனால் ஒரே கருமையன்று. வெள்ளி பூசிய கருமை, துருப்பிடித்த கருமை, நீலம் பாய்ந்த கருமை என்று பல.

"எல்லாம் ஒரே குழம்புதான், இரண்டு விதமாக உறைந்திருக்கிறது. வித்தியாசத்தைப் பாருங்கள்," என்றார் வழிகாட்டி. ஓரிடத்தில் தரை வழவழப்பாக, பாலாடை சுருங்கியதுபோல் மடிப்பு மடிப்பாக, கயிறு திரித்து வைத்ததுபோல் கிடந்தது. பத்து அடி தள்ளி, கூர்கூரான கற்கட்டிகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தன. முதல் வகைக்கு ஹவாய்த் தீவினர் வைத்த பெயர் 'பஹோயிஹோயி', இரண்டாவதற்கு 'ஆஆ'. வெறுங்காலோடு நடந்தவன் போட்ட கூச்சலே பெயராயிற்றோ என்று நான் வேடிக்கையாக எண்ணிக்கொண்டேன்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டுச் சமையலறை எனக்கு உதவிற்று. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இளம்பாகாக இருக்கும்போது ஊற்றினால் வழிந்தோடும். மேலே மெல்லிய ஆடை படியும். உள்ளே ஓடுகின்ற பாகு அந்த ஆடையைத் தள்ளி மடிப்பாக்கும். பதம் முற்றிவிட்டால் அது ஓடாது. கிளறக் கிளறக் கட்டியாகி உடையும். 1,100 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெளிவரும் குழம்பும் அப்படியே. சூடும் ஆவியும் குறையாமல் நிதானமாக ஓடினால் கயிற்றுப் பாறை ஆகிறது. சூடும் ஆவியும் இழந்து கெட்டியாகியும், சரிவில் வேகமாக இழுக்கப்பட்டும் ஓடினால் மேற்புறம் பிய்ந்து கூர்ங்கற்கள் ஆகிறது. ஓடும்போது முதல் வகை இரண்டாவதாக மாறுவதுண்டு. இரண்டாவது வகை மீண்டும் முதலாவதாக மாறுவது அரிது. முற்றிய பாகு இளம்பாகாவதில்லை என்பதை ஆச்சிமார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கல்லை எடுத்து என் கையில் தந்தார். அளவுக்கு எடை இல்லை. ஆப்பத்தைப் பிட்டதுபோல் உள்ளே துளைகள். குழம்பில் கரைந்திருந்த ஆவி வெளியேற முயன்ற தடங்கள் அவை. சிறு கண்ணாடி வில்லை வைத்துப் பார்த்தபோது, பச்சை மணிகள் சில மின்னின. 'ஒலிவின்' என்ற கனிமம் அது. பூமியின் ஆழத்திலிருந்து குழம்போடு வந்தது. பள்ளிக்கூடத்துக்காக அந்தக் கல்லை வேண்டினேன். தலையசைத்து மறுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அது தேசியப் பூங்கா, கல் எடுக்கலாகாது.

அரைமணி நடந்திருப்போம். செந்நிறமான ஒரு சிறு மேடு வந்தது. உச்சியில் புனல்போல் குழி. 1753-இல் தோன்றியது என்பர். அதற்கு 'ஃபொர்மிக்கா லியோ' என்று பெயர். இலத்தீனில் எறும்புச் சிங்கம். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, குழியானை என்று நாம் சொல்லும் சிறு பூச்சி, அதன் பெயர்தான். சிறுவயதில் கோயில் மண்டபத்து மணலில் ஈர்க்குச்சியால் அப்பூச்சியைக் கிளறி விளையாடியவன், கடல் கடந்து அதே குழியின் பெரிய உருவத்தின் விளிம்பில் நின்றேன்.

அங்கேதான் என் பழைய கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. "உச்சியில் உள்ள பெரிய வாயிலிருந்துதானே இவ்வளவு குழம்பும் வந்தது?" என்று கேட்டேன். வழிகாட்டி சிரித்தார். சரிவில் ஒரே கோட்டில் வரிசையாக நின்ற சிறு மேடுகளைக் காட்டினார். அந்தக் கோடு நிலத்தில் விழுந்த வெடிப்பு. பெரும்பாலான சமயங்களில் குழம்பு உச்சி வாயிலிருந்து வருவதில்லை. மலையின் விலாவில் நிலம் நீளவாக்கில் பிளந்து, அந்தப் பிளவு வழியே திரை தொங்கவிட்டதுபோல் எழுகிறது. சில மணி நேரத்தில் பிளவின் பெரும்பகுதி அடைபட, எஞ்சிய துளைகளைச் சுற்றி மேடுகள் வளர்கின்றன. தக்காணத்திலும் நடந்தது இதுவே, ஆயிரம் மடங்கு பெரிய அளவில். அங்கே குழம்பு பெரும்பாலும் நீண்ட நிலப்பிளவுகள் வழியே வெளிவந்து, ஓட்டத்தின் மேல் ஓட்டமாகப் படிந்தது. மகாராஷ்டிர மலைகள் படிக்கட்டுபோல் தோன்றுவது அதனால்தான். மாணவனுக்கு நான் தேடிக் கொடுத்திருக்க வேண்டிய கூம்பு மலை என்ற ஒன்று அங்கே இருந்ததே இல்லை! இல்லாத மலையை 'அழிந்துபோயிற்று' என்று சொல்லிவிட்டேன்.

ரோஸ்மோன் கோயில் என்று அழைக்கப்படும் குடைவான பாறைமேட்டை நெருங்கும்போது, பனிமூட்டம் வந்துவிட்டது. வந்தது என்பதைவிட, விழுந்தது என்பதே பொருந்தும். முன்னால் சென்ற பையனைக் காணோம். பாறைகளில் இட்டிருந்த வெள்ளைச் சுண்ணப் பொட்டுக்கள்தாம் அங்கே வழி. ஒரு பொட்டிலிருந்து அடுத்த பொட்டுத் தெரியாதபோது நகரக் கூடாது என்பது வழிகாட்டியின் சட்டம். இச்சட்டத்தை மீறித் திசை தவறியவர்கள் உண்டாம். நான்கு புறமும் ஒரே மாதிரியான கருந்தரை. கேட்பதற்கு ஒரு பறவைக்குரல்கூட இல்லை. பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குரல் பஞ்சில் விழுந்ததுபோல் அமுங்கியது. வழிகாட்டி ஊதலை எடுத்து ஊதினார். பக்கத்திலேயே, முப்பது அடிக்குள், பதில் வந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் என் தமக்கையின் முகம் எத்தனை முறை என் கண்முன் வந்துபோயிற்று என்று சொல்ல முடியாது.

மூட்டம் விலகும்வரை மூவரும் ஒரு பாறையில் அமர்ந்தோம். அப்போது வழிகாட்டி தம் குடும்பப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் ஒரு தாளில் எழுதி, "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். முருகனுடைய பெயர்களுள் ஒன்று. வேலைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊருக்கு அருகே குன்றக்குடியில் அப்பெயருக்குரியவன் ஒரு குன்றின்மேல் நிற்கிறான் என்றும் சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தம் தந்தை ஆண்டுதோறும் தீ மிதித்தவர் என்றும், தீமிதியிலும் எரிமலைத் தரையிலும் ஒரே விதிதான், ஓடக் கூடாது என்றும் சிரித்துக்கொண்டே கூறினார்.

மறுநாள் கடற்கரைச் சாலை வழியே தீவின் கிழக்குப் பக்கம் சென்றோம். பெருங்குழம்புகள் கடலை நோக்கி இறங்கும் சரிவு அது; 'பெரும் எரிநிலம்' என்று பெயர். சாலையோரத்தில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அது வந்த ஆண்டைப் பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள். பலகையைப் பார்க்காமலே வயதைக் கூறும் வித்தையையும் வழிகாட்டி கற்பித்தார். அண்மையில் வந்தது வெறும் கருமை. சில ஆண்டுகள் ஆனதன்மேல் சாம்பல் வெண்மையான பாசிக்காளான் பூத்திருக்கும். பிறகு இடுக்குகளில் பெரணி, பிறகு புதர், பிறகு காடு. 2007 ஏப்ரலில் வந்த ஓட்டம் சாலையை மூடிக் கடலுக்குள் புதுநிலம் சேர்த்தது. அதே சமயத்தில் உச்சியிலிருந்த பெரிய வாய் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது. மேலே உறைந்தாலும் உள்ளே சூடு ஆறப் பல ஆண்டுகள் பிடித்தன. மழை பெய்தால் தரை ஆவி விட்டுக்கொண்டிருந்ததாம். 1977 ஏப்ரலில் வந்த ஓட்டம் பள்ளத்தின் எல்லையைத் தாண்டி ஒரு கிராமத்துக்குள்ளேயே புகுந்தது. மக்களை முன்னரே வெளியேற்றியிருந்தார்கள். வீடுகள் பல அழிந்தன. மாதா கோயிலின் வாசலுக்குள் எட்டிப் பார்த்த குழம்பு, அங்கேயே நின்று இருபுறமும் விலகிப் போயிற்று. அந்த உறைந்த கரும்பாறை கோயிலைச் சுற்றி இன்னும் கிடக்கிறது.

இனி, விடையின் மறுபாதி. திரும்பும் வழியில் எரிமலை பற்றிய காட்சிசாலை ஒன்றில் ஒரு வரைபடம் பார்த்தேன். ரீயூனியனிலிருந்து வடக்கு நோக்கி மொரீஷியஸ், சாகோஸ், மாலத்தீவு, இலட்சத்தீவு, தக்காணம் என்று ஒரே வரிசை. தையல் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி ஓரிடத்தில்தான் குத்துகிறது, துணிதான் நகர்கிறது. பூமியின் ஆழத்தில் ஓரிடத்திலிருந்து வெப்பம் மேலெழுகிறது, அது ஊசி. அதன்மேல் நகர்ந்துபோகும் நிலத்தட்டு, துணி. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்தியா தென்கோளத்தில் இருந்தபோது, அந்த ஊசி முதலில் தையலிட்ட இடம் தக்காணம். இந்தியா வடக்கே நகர நகர அடுத்த தையல்கள் கடலில் விழுந்தன. 1987-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளைக்கப்பல் இவ்வரிசையில் பல இடங்களில் கடலடிப் பாறையைத் தோண்டி எடுத்தது. மாலத்தீவின் அடிப்பாறை ஆறு கோடி ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, சாகோஸ் அதனினும் இளையது, மொரீஷியஸ் ஒரு கோடியும் ஆகாதது என்று வயது படிப்படியாக இறங்கிவந்தது. கடைசித் தையல்தான் நான் நடந்த தரை. அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் கொள்கை இது.

முன்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு எல்லோராக் குகைகளுக்குப் போயிருக்கிறேன். அங்கே கைலாசநாதர் கோயிற் சுவரில் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டு, எவரோ சுண்ணாம்பு தெளித்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். ரீயூனியனில் கையில் வாங்கிப் பார்த்த துளைகளே அவை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் நீர் கொண்டுவந்த கனிமங்களால் நிரம்பியவை. இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். கரிசல் மண் என்றாலே எரிமலைப் பாறையிலிருந்து வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். மகாராஷ்டிரத்துக்கு அது பொருந்தும். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல், அவ்விடத்துப் பழம்பாறைகளே சிதைந்து உண்டானது. குன்றக்குடி மலையும் எரிமலையன்று.

நாச்சியாபுரம் திரும்பிய பிறகு, கேள்வி கேட்ட அந்த மாணவனைத் தேடினேன். இன்று அவர் காரைக்குடிப் பக்கத்தில் பெயர் பெற்ற சமையல் மேஸ்திரி. ஒரு கல்யாண வீட்டில், பின்கட்டில், கோட்டையடுப்பின் முன் நின்று பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க ஐயா," என்றார். நான் தவறாகச் சொன்னதையும், சரியான விடையையும், தையல் ஊசியையும் எடுத்துரைத்தேன். கரண்டியைக் கிளறுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் அடுப்பு அணையவே இல்லை என்று சொல்லுங்கள்."

"அணையவில்லை. நாம்தான் அதைவிட்டு நகர்ந்து வந்துவிட்டோம். இப்போதும் ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் போல நகர்ந்துகொண்டிருக்கிறோம்."

சிறிது யோசித்தார். "அந்தத் தீவும் நகர்ந்து போய்விட்டால், அடுப்புக்கு மேலே அப்புறம் என்ன இருக்கும், ஐயா?"

"கடல்தான் இருக்கும். அங்கே இன்னொரு தீவு எழும்பும்," என்று நான் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் நின்ற பையன் பாகு கம்பிப் பதத்தைத் தாண்டுகிறது என்று கூவினான். மேஸ்திரி சட்டியை இறக்கத் திரும்பிவிட்டார்.